பெரியம்மாவுக்குக் கறண்ட் பிடித்த 35 நாள்

சிகிச்சை முடிந்து பத்தாம் நாள். விறாந்தைச் சாய்மனையில் இருந்த பெரியம்மா கழுத்தின் இடப்பக்கத்தை விரலால் அமத்திப் பார்த்துவிட்டுக் கேட்டா.

"தம்பி, 35 நாள் கறண்ட் பிடிச்சாச்சு. கட்டி இன்னும் இருக்குதே. எரியேல்லையோ?"

கறண்ட் என்று எங்கள் ஊரில் சொல்வது புற்றுக்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையை. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். கலப்பிரிவின் அவத்தைகளைக் கரும்பலகையில் கீறாத வருடம் இல்லை. இருந்தும் அந்த இடத்தில் வாயில் பதில் வரவில்லை. "கொஞ்ச நாள் செல்லும் பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன். பிறகு இரவிரவாக வாசித்தேன். அவவுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நாக்கின் அடியில் புற்று. கழுத்து நெறிக்கட்டியிலும் பரவியிருந்தது. நாற்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலையும் போட்டவ. எங்கள் செம்மண்ணில் விளைந்த புகையிலைதான். திங்கள் தொடங்கி வெள்ளி வரை ஏழு கிழமை, யாழ்ப்பாணத்தின் கே.கே.எஸ். வீதியால் சுன்னாகம், மல்லாகம் தாண்டித் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்தோம். முகத்துக்கு அச்சு எடுத்த வலை முகமூடியை மேசையோடு பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். சில நிமிடம். ஒன்றும் தெரியாது, சுடாது, நோகாது. அதனால்தான் மூன்றாம் கிழமை வாய் முழுக்கப் புண்ணானபோது பெரியம்மா பயந்துபோனா. ஆடிப்பிறப்பன்று ஆறவைத்த கூழில் நாலு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

அந்த ஆடியில் வீட்டில் இன்னொரு சுமையும் இருந்தது. பெரியம்மாவின் மகள், என் அக்கா, மன்செஸ்ரரில் இருக்கிறா. அவவின் ஏழு வயது மகனுக்குச் சிறுமூளையில் கட்டி. சத்திரசிகிச்சை முடிந்து, தலைக்கும் முள்ளந்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டும் என்றார்கள். மன்செஸ்ரரில் 2018 டிசம்பரில் தொடங்கிய புரோத்தன் சிகிச்சை நிலையத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. தாயைப் பார்க்க மகள் வர முடியவில்லை. பேரனைப் பார்க்க அம்மம்மா போக முடியவில்லை. இரவு ஏழு மணிக்கு வட்ஸ்அப்பில் இரண்டு நோயாளிகளும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அழைப்பு முடிந்ததும் பெரியம்மா மெல்லக் கேட்டா: "அவனுக்குப் புதுமெசின். எனக்குப் பழசோ, தம்பி? அதுதான் கட்டி கரையேல்லையோ?"

இந்த இரண்டு கேள்வியும் உண்மையில் ஒரே கேள்வி. கதிர் பட்ட கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டுக்கும் பதில் வந்துவிடும்.

முதலில் எரிப்பு. கதிர் எரிப்பதே இல்லை. ஒரு கிரே என்பது ஒரு கிலோகிராம் சதையில் ஒரு யூல் சக்தி. பெரியம்மாவுக்கு நாளுக்கு 2 கிரே. அதனால் அந்தச் சதை சூடேறுவது ஒரு பாகையின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஏழு கிழமையின் 70 கிரேயையும் ஒரேயடியாகக் கொடுத்தாலும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான். உடல் முழுக்கப் பட்டால் மனிதனைக் கொல்லக்கூடிய 4 கிரேயில் இருக்கும் மொத்தச் சக்தி, ஒரு மிடறு சுடுதேத்தண்ணி வயிற்றுக்குள் கொண்டுபோகும் வெப்பத்துக்குச் சமன். இந்தக் கணக்கைச் செய்தபோது பேனையை வைத்துவிட்டு நெடுநேரம் இருந்துவிட்டேன். இவ்வளவு அற்பமான சக்தி உயிரைத் தொடுகிறது என்றால், அது விழும் இடத்தில்தான் விசயம் இருக்கிறது.

விழும் இடம் டி.என்.ஏ. மனிதக் கலம் ஒன்றின் கருவுக்குள் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமான டி.என்.ஏ, 46 நிறமூர்த்தங்களாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கதிர் நேரே அதில் மோதலாம். அல்லது பக்கத்தில் உள்ள நீர் மூலக்கூற்றை உடைக்க, அதிலிருந்து பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம் என்ற, கிட்ட உள்ளதைத் தாக்கும் துண்டு போய்க் கடிக்கலாம். பெரியம்மாவுக்குக் கொடுத்தது போட்டோன் கதிர்; எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் அந்த வகைதான். இரண்டிலும் சேதத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வழியில்தான் வருகிறது.

அப்பாவின் தோட்டக் கிணற்றுக் கயிறு ஞாபகம் வருகிறது. இரண்டு புரி திரித்த தும்புக் கயிறு. ஒரு புரி அறுந்தால் அப்பா அதைக் கவனிக்கவே மாட்டார். மற்றப் புரி தாங்கும், ஆறுதலாகச் செருகித் திரித்துவிடலாம். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால் கயிறு இரண்டாகிவிடும். முடிச்சுப் போட வேண்டும். டி.என்.ஏயும் இரண்டு புரிதான். 1 கிரே போட்டோன் கதிர் ஒரு கலத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றைப்புரி உடைவுகளை உண்டாக்கும். அவற்றைக் கலம் பெரும்பாலும் பிழையில்லாமல் சரிசெய்துவிடும், ஏனென்றால் எதிர்ப்புரியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இரட்டைப்புரி உடைவுகள் 20 முதல் 40 வரைதான். கலத்தின் உயிரும் சாவும் அந்தச் சிறுதொகையில் தொங்குகின்றன.

உடைந்த சில நிமிடங்களுக்குள் கலத்துக்குத் தெரிந்துவிடுகிறது. உடைவின் இருபக்கமும் எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் பொசுபேற்றுக் குறி விழுகிறது. 1998இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறியில் ஒட்டும் ஒளிர்சாயத்தை இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இருண்ட கருவுக்குள் பச்சைப் புள்ளிகளாக எரியும். புள்ளிகளை எண்ணினால் உடைவுகளின் தொகை ஏறத்தாழத் தெரியும். ஒரு மணித்தியாலம் கழித்து எண்ணினால் குறைந்திருக்கும். அடுத்த நாள் எண்ணினால் அநேகமாக எல்லாம் அணைந்திருக்கும். அடுத்த நாளும் அணையாமல் நிற்கிற புள்ளிதான் கலத்தின் விதி.

திருத்துவதற்குக் கலத்திடம் இரண்டு பெரிய வழிகள். ஒன்று, அறுந்த முனைகளைப் பிடித்து அப்படியே ஒட்டுவது. விரைவு; ஓரிரு எழுத்துத் தவறலாம். மற்றது, பிரிவுக்காகப் பிரதியெடுத்து வைத்திருக்கும் சகோதர டி.என்.ஏயைப் பார்த்துச் சரியாக எழுதுவது. இது திருத்தமானது. ஆனால் பிரதி இருக்கும் நேரத்தில் மட்டுமே முடியும்.

திருத்தும் வரை பிரிவை நிறுத்திவைக்கச் சொல்லும் காவலர்களில் முக்கியமானது பி53 என்ற புரதம். மனிதப் புற்றுகளில் கிட்டத்தட்டப் பாதியில் அதன் மரபணு பழுதாகியிருக்கிறது. பெரியம்மாவின் கேள்விக்கு இங்கேதான் பதில். காவல் இழந்த கலம் உடைந்த நிறமூர்த்தங்களோடேயே பிரியப் போகிறது. பிரிவின்போது நிறமூர்த்தத்தைப் பிடித்து இழுக்கும் இடம் அதன் மையம். இரண்டு நிறமூர்த்தங்கள் பிழையாக ஒட்டி இரு மையம் கொண்டு இரண்டு பக்கமும் இழுபடும். மையமில்லாத துண்டுகள் ஒரு பக்கமும் போகாமல் வெளியே விடுபட்டுச் சின்னஞ்சிறு கருக்களாக நிற்கும். அந்தப் பிரிவில் சாகலாம். அதைத் தாண்டி அடுத்த பிரிவில் சாகலாம், அதற்கடுத்ததில் சாகலாம். கதிர் பட்ட அன்று அது உயிரோடுதான் இருக்கிறது: சாப்பிடுகிறது, மூச்சு விடுகிறது, இடத்தை அடைத்துக்கொண்டு கட்டியாகவே தட்டுப்படுகிறது. பிரிய முயலும் நாளில்தான் தான் முடிந்துபோனது அதற்குத் தெரிகிறது.

1956இல் பக் என்பவரும் மார்க்கஸ் என்பவரும் ஹீலா என்ற, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுக் கலங்களைத் தனித்தனியாக விதைத்து எக்ஸ் கதிர் கொடுத்து, எத்தனை கலம் பெருகிக் கூட்டமாகிறது என்று எண்ணினார்கள். கலத்தின் சாவு என்றால் பெருகும் ஆற்றலை இழப்பது என்று அன்றிலிருந்து கதிருயிரியலில் பொருள் கொள்கிறார்கள். எனக்கு இது மிகவும் ஆழமான வரைவிலக்கணமாகப் படுகிறது.

வாய்ப்புண்ணுக்கும் இதே காரணம். வாயின் மேற்படைக் கலங்கள் பிரிவதில்லை. அவற்றுக்குக் கதிரால் உடனே ஒன்றும் ஆகாது. அடியில் உள்ள படையில் இருந்து ஓயாமல் பிரிந்து கொடுக்கும் கலங்கள் பிரிய முடியாமல் போகின்றன. மேற்படை தன் ஆயுள் முடிந்து உதிர, பதிலுக்கு ஏற ஆளில்லை. அதனால்தான் முதல் நாள் ஒன்றும் இல்லை, மூன்றாம் கிழமை புண். மிஞ்சிய அடிக்கலங்கள் பெருகத் தொடங்கியதும் ஆறும். பெரியம்மாவுக்கு நான் முதலில் விளக்கியது இதைத்தான். "அப்ப புண் வந்தது கறண்ட் வேலை செய்யிறதுக்கு அடையாளமோ?" என்று கேட்டா. அது முழுக்கச் சரியில்லை. புண், நல்ல கலத்தின் கணக்கு. கட்டியின் கணக்கு வேறு. ஆனாலும் அன்றைக்கு அவவின் முகம் தெளிந்தது, நான் மறுத்துப் பேசவில்லை.

ஏன் 35 நாளாகப் பிரிக்கிறார்கள்? நல்ல கலத்துக்கு ஒரு இரவு கிடைத்தால் போதும், பெரும்பாலும் திருத்திவிடும். புற்றுக் கலம் அந்த இரவை அவ்வளவு நன்றாகப் பயன்படுத்தத் தெரியாதது. சின்ன வித்தியாசம்தான்; 35 தரம் பெருக்கினால் பெரிதாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாள் ஒன்றுக்கு 2 கிரேயில் புற்றுக் கலங்களில் பாதி தப்பும் என்று வையுங்கள். பல கலவகைகளுக்குப் பொருந்தக்கூடிய எண்தான். மூன்று சென்ரிமீற்றர்க் கட்டி என்றால் 14 கன சென்ரிமீற்றர். கன சென்ரிமீற்றருக்கு 100 கோடி என்று, மொத்தம் 1400 கோடி கலம். பாதி, பாதியில் பாதி என்று 35 தரம் வகுத்தால் மிஞ்சுவது ஒரு கலத்துக்கும் குறைவு. 30ஆம் நாளோடு நிறுத்தினால்? 13 கலம் மிஞ்சும். அந்த 13 போதும், திரும்ப வர.

உண்மையான கட்டி இவ்வளவு ஒழுங்கானதல்ல. இரத்தக்குழாயிலிருந்து தூரத்தில், ஒட்சிசன் எட்டாத மூலையில் இருக்கும் கலத்தைக் கொல்ல இரண்டரை, மூன்று மடங்கு கதிர் வேண்டும். மூலிகம் உண்டாக்கிய காயத்தை நிலைக்கச் செய்வதே ஒட்சிசன்தான். தலை, கழுத்துப் புற்றில் நாலாம் கிழமை அளவில் மிஞ்சிய கலங்கள் விரைவாகப் பெருகவும் தொடங்குகின்றன. நாள் தவறவிடக்கூடாது என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இடையில் ஒருநாள் ஹர்த்தால், பஸ் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி விடியவே தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த 13 கலம் அன்றைக்கு என் மனதில் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. அவனுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

இனிப் பேரனின் புரோத்தன்.

போட்டோன் கதிர் உடலுக்குள் புகுந்து, தோலுக்குச் சற்று உள்ளே உச்சம் தொட்டு, பிறகு மெல்ல மெல்லக் குறைந்தபடி மறுபக்கத்தால் வெளியேறும். வழியில் உள்ள எல்லாவற்றுக்கும் பங்கு கொடுத்துக்கொண்டே போகும். புரோத்தன் அப்படியல்ல. அது ஐதரசன் அணுவின் கரு. ஏற்றமும் திணிவும் உள்ள துணிக்கை. 150 மெகா இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுள்ள புரோத்தன் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியோடு நுழைந்து, இழையத்தில் சுமார் 16 சென்ரிமீற்றர் போய் நின்றுவிடும். அதற்கு அப்பால் இல்லை. வேகமாகப் போகும்போது குறைவாகவும், தளரத் தளரக் கூடுதலாகவும், நிற்கப்போகும் இடத்தில் மிக அதிகமாகவும் சக்தியைக் கொட்டும். ஒழுங்கையால் ஓடிப்போகிறவன் ஒருவரோடும் கதைப்பதில்லை; ஆறுதலாக நடக்கிறவன் ஒவ்வொரு படலையிலும் நின்று கதைக்கிறான். இப்படியொரு உச்சி இருப்பதை வில்லியம் பிராக் 1900களின் தொடக்கத்தில் அடிலெய்டில் அல்பாத் துணிக்கைகளில் கண்டார். அதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ரொபேட் வில்சன் என்ற பௌதிகவியலாளர். முதல் நோயாளிக்குக் கொடுத்தது 1954இல், பேர்க்லியில்.

ஏழு வயதுப் பையனின் முள்ளந்தண்டுக்கு முதுகுப்பக்கமிருந்து போட்டோன் கொடுத்தால் அது இதயம், குடல், தைரொயிட் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு முன்பக்கத்தால் போகும். புரோத்தன் முள்ளந்தண்டெலும்பில் நின்றுவிடும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் பாதியில் நிறுத்துவதில்லை. ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராமல் முதுகு கோணிவிடும் என்பதற்காக முழு எலும்புக்கும் கொடுத்து அதன் முன்விளிம்பில் நிறுத்துகிறார்கள். அதை வாசித்த இரவில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவ அழுதா. எழுபது வயது வரை வாழப்போகிற இதயம் அது.

ஆனால் கலத்துக்குப் புரோத்தன் என்றும் போட்டோன் என்றும் தெரியுமா? தெரியும், ஆனால் வழியின் முடிவில்தான். நுழையும் இடத்தில் புரோத்தன் ஒரு மைக்ரோமீற்றருக்கு அரை கிலோ இலத்திரன் வோல்ற்றுத்தான் விடுகிறது. அங்கே அது எக்ஸ் கதிரைப் போலவே ஐதாகத் தூவுகிறது. கடைசி மில்லிமீற்றருக்குள் அந்த அரை, பத்தைத் தாண்டி ஏறுகிறது. அயனாக்கங்கள், அதாவது அணுவிலிருந்து இலத்திரன் பிய்த்தெறியப்படும் நிகழ்வுகள், ஒன்றோடொன்று நெருங்கி விழுகின்றன. ஒரே இடத்தில் இரண்டு புரியும் அறுந்து, பக்கத்து எழுத்துகளும் கருகி, அடுத்த திருப்பத்தில் இன்னொரு வெட்டும். அப்பாவின் கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குள் நாலு இடத்தில் பிய்ந்த மாதிரி; முடிச்சுப் போடப் பிடித்தால் முனையே உதிரும். முனைகளை ஒட்டும் விரைவுவழி இங்கே திணறுகிறது. புரோத்தன் பட்ட கலங்கள் பிரதியைப் பார்த்துத் திருத்தும் வழியைக் கூடுதலாக நம்புவதைச் சில ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன. அந்த வழியே பழுதான புற்றுகளுக்கு, உதாரணமாகப் பிறப்பிலேயே அந்த வழிக்கான மரபணு குறைபட்ட சில மார்புப் புற்றுகளுக்கு, புரோத்தன் கூடுதலாக வேலை செய்யலாமா என்று தேடுகிறார்கள்.

வைத்தியசாலைகளோ இவ்வளவையும் ஒரே எண்ணுக்குள் வைத்திருக்கின்றன: 1.1. அதாவது ஒரே அளவு போட்டோனை விடப் புரோத்தன் பத்து வீதம் வலியது என்று எல்லா இடத்துக்கும், எல்லா இழையத்துக்கும் பொதுவாக எடுக்கிறார்கள். கற்றையின் நடுப்பகுதிக்கு அது பொருந்துகிறது. முடிவு விளிம்பில் உண்மை எண் அதைவிடக் கூட. மூளை, முண்ணாண் போல மெதுவாக எதிர்வினை காட்டும் இழையங்களில் இன்னும் கூட. நடைமுறையில் அந்த எண் நல்லபடி உதவியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் அதை நம்பி இருக்க முடியாது. அதனால்தான் எல்லாக் கற்றைகளின் முனையும் மூளைத்தண்டில் போய் முடியாதபடி திசைகளை மாற்றித் திட்டமிடுகிறார்கள். இயந்திரம் மில்லிமீற்றர்க் கணக்கில் நிறுத்துகிறது. நின்ற இடத்தில் கலம் என்ன பதில் சொல்லும் என்பதை மனிதர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. புரோத்தன் நிற்கும் ஆழம் வழியில் உள்ள சதையைப் பொறுத்தது. பெரியம்மா ஏழு கிழமையில் எட்டுக் கிலோ மெலிந்தா. கழுத்துச் சுற்றளவே மாறிவிட்டது. போட்டோனில் அது சிறிய வித்தியாசம். புரோத்தனாக இருந்திருந்தால் கற்றை திட்டமிட்டதைவிட உள்ளே போய் நின்றிருக்கும். திரும்ப ஸ்கான் எடுத்து, திரும்பத் திட்டம் போட்டிருக்க வேண்டும்.

இதை எழுத முக்கிய காரணம் காணி. பெரியம்மாவின் நோய் தெரிந்ததும் வந்தவர்களில் இருவர் "சென்னையில புரோத்தன் இருக்காம், காணியை வித்தாவது கொண்டுபோங்கோ" என்றார்கள். அன்பினால் சொன்னதுதான். சென்னையில் 2019 முதல் இருக்கிறது. தெற்காசியாவில் முதலாவது அதுதான். இலங்கையில் இல்லை. பலாலியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. கைக்கெட்டின தூரம் என்பதாலேயே மனம் அலைகிறது. பிள்ளைகளின் மூளைக்கட்டி, மண்டையோட்டின் அடியில் வரும் கோர்டோமா, கண்ணின் மெலனோமா போன்றவற்றுக்குப் புரோத்தன் கிடைத்தால் போக வேண்டும். அதற்காகக் கதவுகளைத் தட்டலாம், உதவி கேட்கலாம். மற்றப் பெரும்பாலான பெரியவர்களின் புற்றுகளில் இரண்டு கதிரும் கட்டியை ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் அடக்குகின்றன, வித்தியாசம் பக்கவிளைவில். அதுவும் புற்றுக்குப் புற்று மாறும். பழைய மெசின் என்பதால் பெரியம்மாவின் கட்டி தப்பி நிற்கவில்லை. கட்டிக்குள் இருக்கும் கலம் அறுந்த கயிற்றோடுதான் நிற்கிறது, மன்செஸ்ரரிலும் தெல்லிப்பழையிலும். இதை வைத்தியரிடம் நேரே கேட்டுத் தெளிந்த பிறகே காணி உறுதியை அலுமாரியிலிருந்து எடுங்கள் என்று என் ஒழுங்கைக்காரருக்கு மன்றாட்டமாகச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு நான் கயிற்றைச் சொன்னேன். அப்பாவின் கயிறு அவவுக்கும் தெரிந்த கயிறுதான். கேட்டுவிட்டு, "அப்ப அது செத்ததெண்டு அதுக்கே இன்னும் தெரியாது, என்ன?" என்றா.

ஸ்கானுக்கு 12 கிழமை கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். முந்திப் பார்த்தால் சாகப்போகிற கலமும் உயிருள்ள கலமும் ஒன்றாகவே தெரியும். அந்த 12 கிழமையும் துர்க்கை அம்மனுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் விளக்கு வைத்தா. ஆறாம் கிழமை விரலுக்குப் பாதிதான் தட்டுப்பட்டது. ஒன்பதாம் கிழமை நான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்கானில் ஒளிரும் இடம் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வரச் சொன்னார்கள். பேரனுக்கு மயிர் திரும்ப முளைக்கிறது, பின்தலையில் மட்டும் ஐதாக.

உமிழ்நீர் மட்டும் திரும்பவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியின் கலங்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை, இருந்தும் முதல் கிழமையிலேயே சாகத் தொடங்கிவிடுகின்றன. நான் மேலே சொன்ன விதிக்கு அவை அடங்காதவை. பெரியம்மா எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தலோடு போறா. போன ஞாயிறு புட்டுக் கேட்டா. தேங்காய்ப்பூக் கூடப் போட்டு அவித்து, சொதியை நிறைய விட்டு மாவாகக் குழைத்துக் கொடுத்தோம். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. முழுக்கச் சாப்பிட்டா.